மதிலோரத்துப் பிள்ளை

சின்னம்மா என் அம்மாவின் கல்லறையைக் கழுவுவதைப் பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் என்றே தோன்றும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வாளியும் தேங்காய் நாருமாக, நாங்கள் குடியிருந்த நீலசந்திராவிலிருந்து நடந்தே போவோம். ஐப்பசி மழையில் பாசி படிந்த செங்கல் விளிம்பை முதலில் தேய்ப்பாள். சிலுவையின் மூலைகளில் விரலை விட்டு அழுக்கெடுப்பாள். பிறகு சுண்ணாம்பு அடிப்பாள். தான் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருத்திக்கு, தன் கணவரின் முதல் மனைவிக்கு, இவ்வளவையும் செய்தாள். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. ஆகவே அம்மா என்றதும் எனக்கு நினைவில் எழுவது அவள் முகமல்ல. ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், அதன்மேல் குனிந்திருக்கும் சின்னம்மாவின் முதுகும்தான்.

அப்பா கண்டோன்மெண்டில் ஒரு கடையில் கோட்டு தைப்பவர். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிய பிறகு வேலை குறைந்துபோய், பேச்சும் குறைந்துபோயிருந்தது. சின்னம்மா வந்த மறு வருடம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் புதைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று கல்லறைத் தோட்டத்தின் பின்மதிலோரம் ஒரு புல்தரை இருந்தது. அங்கே சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. திருநாளன்று வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துவரும் பங்குச் சாமியாரும் அந்தப் பக்கம் வரமாட்டார். அப்பா ஒரு மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாகப் போனார், வெறுங்கையோடு வந்தார். சின்னம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப்பின் வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அந்த வருடத் திருநாளன்று தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. தோட்டம் முழுக்கச் சாமந்தியும் சாம்பிராணிப் புகையும். ஜனங்கள் கையைக் குவித்துச் சுடரைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்த சின்னம்மா எழுந்திருக்கவில்லை. அவள் மடியில் இன்னொரு கட்டு மெழுகுவர்த்தி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் அப்பாவிடம். “வேற ஒண்ணும் கேக்கல.”

“இங்க வச்சா இதப் பேசறது?”

“வீட்டுல என்னைக்குப் பேச உட்டீங்க?”

அப்பா குனிந்து, அணைந்துபோன ஒரு திரியை மறுபடி ஏற்றினார். பிறகு, “எனக்கே தெரியலமா,” என்றார். “மறு வாரம் பூ எடுத்துக்கிட்டு வந்தேன். மழையில தரையெல்லாம் ஒண்ணாயிடுச்சு. தேடித் தேடிப் பாத்தேன். உங்கிட்ட வந்து என்னன்னு சொல்லுவேன்? அதான் வாயே தொறக்கல.”

அவர் மறந்துவிட்டார் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்த சின்னம்மா, அவரை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. மடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நேரே மதிலோரம் போனாள். எந்த இடம் என்று தெரியாதவள், அந்தப் புல்தரை நெடுகிலும் ஒவ்வொன்றாக ஏற்றி நட்டுக்கொண்டே போனாள். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள். அப்பா தன் கோட்டைக் கழற்றி, காற்று வரும் பக்கம் விரித்துப் பிடித்தபடி அவளோடு நகர்ந்தார்.

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது ஜோகுபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் சின்னம்மாவின் அருகில் போய் மண்டியிட்டாள்.

“நம்மளுதும் இங்கதான் கீதுக்கா. பொண்ணு,” என்றாள்.

சின்னம்மா அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தாள். இன்னொருத்தி வந்தாள். தலை நரைத்த ஒரு அம்மாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். இப்படியொரு பிள்ளை இருந்தது அவரவர் குடும்பத்திலேயே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ, தெரியாது.

கடைசி வரிசைக்கு வந்த சாமியார் அவர்களைக் கண்டு நின்றுவிட்டார். அவர் சட்டத்தை மீறவில்லை, தீர்த்தம் தெளிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. அந்தப் பெண்கள் எழுந்திருக்கும்வரை தூறலில் தலைகுனிந்து நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும், குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மாவின் பெயரோடு முடிப்பதுதான் வழக்கம். அன்று முடிக்கவில்லை. “சூசை,” என்றார்.

சின்னம்மா திரும்பினாள். “யாரு?”

“அவன்தான். தூக்கிக்கிட்டுப் போறப்ப வழியெல்லாம் அப்படித்தான் கூப்புட்டுக்கிட்டே போனேன்.”

சின்னம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, “இன்னொரு தரம் சொல்லுங்க,” என்றாள். அப்பா சொன்னார்.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. எங்கள் வீட்டு ஜெபத்தில் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. முன்பின் எதுவும் அறியாத என் பேரப்பிள்ளைகள், அந்த வரிசையில் “சூசை தாத்தா” என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். ஒரு மூச்சுகூட விடாத என் தம்பி, எங்கள் வீட்டில் தாத்தாவாகிவிட்டான்.