ஒன்பதாவது ரீலைப் பார்க்காதவர்

குற்றச்சாட்டு: 7-3-1999 ஞாயிறன்று, விழுப்புரம் திரைவாசகர் வட்டத்தின் கட்டுரைப் போட்டிக்கு ஒலக்கூர் சூர்யகலா அனுப்பிய ‘எண்ணிட்ட மனிதனும் ஆற்றங்கரையும்’ என்னும் கட்டுரையின் தலையில், ‘ஆங்கில நூலிலிருந்து பெயர்த்தது, தள்ளுபடி’ என்று சிவப்பு மையால் எழுதப்பட்டது. எந்த நூல் என்று எழுதப்படவில்லை.

சூர்யகலா பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் அவர் டோக்கன் நாற்பத்தொன்று. மேஸ்திரி அப்படித்தான் கூப்பிடுவார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றிய தமிழ் நூல் ஒன்றைக் கிளை நூலகத்திலிருந்து நான்கு முறை எடுத்து, முழுவதையும் ஒரு நோட்டில் கையால் படியெடுத்திருந்தார். ஆலைப்புகையைச் சபித்தவர்கள், ஆற்றையும் மலையையும் ஆசானாகக் கொண்டவர்கள், சட்டத்தைவிட நெஞ்சை நம்பியவர்கள் அவர்கள் என்று அந்த நூல் சொன்னது.

1998 நவம்பரில் மழையால் மில் மூடிக் கிடந்த ஒரு வாரம், தமிழில் பேசவைத்த அயல்நாட்டு அறிவியல் படம் ஒன்று திண்டிவனத்துக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் மனிதர்களை வளர்த்து, கழுத்தில் எண் குத்தி, சுரங்கத்துக்கு அனுப்புகிறார்கள். ஒருவன் மட்டும் தப்பி ஓடி முதன்முறையாக ஓர் ஆற்றைப் பார்க்கிறான். சூர்யகலா ஐந்து பகற்காட்சி பார்த்தார். ஐந்து டிக்கெட் துண்டுகளும் அதே நோட்டில் ஒட்டப்பட்டன. அந்தக் கவிஞர்களின் கண்ணால் படத்தைப் பார்க்கும் கட்டுரை அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது. அதைத் திருட்டு என்றதும் வட்டத்துக்கு முறையீடு எழுதினார். பரிசு போனால் போகட்டும். எழுதியது தான் இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

முறையீட்டை விசாரிக்க 21-3-1999 காலை பதினொரு மணிக்கு வட்டம் கூடியது. நோட்டு, டிக்கெட்டுகள், நூலகச் சீட்டு ஆகியவற்றோடு, ஐந்து காட்சியும் பார்த்ததற்குச் சாட்சியாகத் தியேட்டர் ஆபரேட்டர் சுப்பராயலுவையும் சூர்யகலா அழைத்துச் சென்றார்.

“இன்னாம்மா, கோர்ட்டு மாதிரி இட்டுக்கினு வந்துட்ட!” என்று சுப்பராயலு முனகினார்.

நடுவர் ஜெகதீசன், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்; சிவப்பு மைக் குறிப்பு அவர் எழுதியது. நோட்டைத் தொடவேயில்லை. “ஒரே கேள்விம்மா. படத்துல அவன் ஆத்துத் தண்ணியில கழுத்து நம்பரைத் தேய்ச்சுக் கழுவுறான். அப்புறம்?”

“அப்புறம் ‘வணக்கம்’ போட்டுட்டாங்க சார், படம் முடிஞ்சிருச்சு.”

கூட்டம் சிரித்தது. “பாத்தீங்களா? அதுக்கப்புறந்தான் பட்டாளம் வந்து அவனைச் சுட்டுத் தள்ளுது. படத்தையே முழுசாப் பாக்கல, கட்டுரை எழுத வந்துட்டாங்க!” என்றார் ஜெகதீசன்.

சூர்யகலா சுப்பராயலுவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். “ஒம்பதாவது ரீலு மழையில ஊறிப்போய் வந்துச்சுங்க. பேஜாராப் பூடும்னு எட்டோட வணக்கம் சிலைடு போட்டுட்டேன். ஒரு ஆளும் கேக்கல. கைதட்டிட்டுப் போய்க்கினே இருந்தாங்க!”

சூர்யகலா நிமிர்ந்தார்.

“சார், இந்தப் படத்தைப் பத்தின புத்தகத்துலேருந்து எடுத்திருந்தா அந்தப் பட்டாளம் என் கட்டுரையிலயும் வந்திருக்கணுமே?”

சிரிப்பு அடங்கியது. ஜெகதீசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையின் கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார்: “படைத்தவன் எண்ணைக் கொடுத்தான், ஆறு அவனுக்கு முகத்தைக் காட்டியது. உணர்ச்சி உள்ளவனை இயந்திரம் என்று அழைக்கும் ஊரில், அழைப்பவனே இயந்திரம்.”

படித்து முடித்தவர் தாளை உடனே கீழே வைக்கவில்லை. “இதை எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்லைம்மா. தப்பு என்னோடது. இப்ப முடிவு தெரிஞ்சுபோச்சு, கட்டுரையை மாத்துவீங்களா?”

“மாத்த மாட்டேங்க. ஒரு வரி சேத்துக்கிறேன். எட்டு ரீலும் கவிஞர்கள் கண்ட கனவு; ஒம்பதாவது, அந்தக் கனவை முதலாளிங்க விட்டு வைக்கிற லட்சணம்.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. முதல் பரிசு அவருக்கே. ஆண்டு மலரின் முதல் கட்டுரையும் அதுவே. மில்லில் உடன் வேலை பார்க்கும் வெள்ளையம்மாள் மல்லாட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி அதை வாசித்துவிட்டு, “பட்டாளத்தையே மடக்கின ஆளுடி இவ!” என்றார். 2001 முதல் அதே வட்டத்தில் சூர்யகலா நடுவராக அமர்ந்தார்.

ஆனால் வட்டத்தின் தீர்மானப் பதிவேட்டிலும் ஏறியிருந்த ‘பெயர்த்தது, தள்ளுபடி’ என்ற பழைய குறிப்பு அடிக்கப்படாமலே இருந்தது. “பரிசே குடுத்தாச்சு, இன்னும் இன்னாம்மா?” என்றார் செயலாளர் வேங்கடேசன். நடுவரான பிறகும் அதே பதில்தான். 2-4-2001 அன்று சூர்யகலா ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினார். நகல் கோப்பில் உள்ளது. அதன் கடைசிப் பத்தி:

“மேற்படி குறிப்பு நீக்கப்பட்டதா, எந்தத் தேதியில், யார் கையொப்பத்தில் என்பதைப் பதினைந்து நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது.”