துப்பினாலும் விரதம் போகுமா

பங்குனியில் தீமிதிக்காகக் காப்புக் கட்டியிருந்தேன். பிள்ளைகளே, மழை தொடங்கினால் நம் சின்னவளுக்கு மூச்சு இரைக்குமே, அதற்காக வைத்த வேண்டுதல் அது. காப்பு அவிழ்க்கும்வரை கவுச்சியும் மதுவும் வாயில் படக்கூடாது.

அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் ஹோட்டல் முதலாளி, பரிமாறுகிறவர்களில் என்னையும் ஒரு பர்மாக்காரரையும் ரங்கூனிலிருந்து ஷான் மலைக்குக் கூட்டிப்போனார். அங்கே திராட்சைத் தோட்டமும் வைன் செய்கிற இடமும் இருக்கின்றன. யாருக்கு ருசி பிடிபடுகிறதோ அவருக்கு வைன் பகுதிப் பொறுப்பு, சம்பளமும் கூடும் என்றார்.

மேசையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன, பக்கத்தில் ஒரு வாளி. "விழுங்க வேண்டாம். வாயில் சுழற்றிவிட்டு இதில் துப்புங்கள்" என்று முதலாளி பர்மிய மொழியில் சொன்னார்.

எங்கள் டிரைவர் நம்ம தமிழ் முஸ்லிம். என் கையிலிருந்த காப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தொண்டைக்குள்ள போகலையே அண்ணே. உங்க சாமி நாக்குல நிக்குதா, தொண்டையில நிக்குதா?"

"ஏன், நீங்க ஒரு வாய் வச்சுப் பாக்குறது?"

"எனக்குத்தான் வருசம் முழுக்கக் காப்பாச்சே."

கோயிலுக்குப் பொங்கல் வைக்கும்போது நாம் ருசி பார்ப்பதில்லை, வாசத்தை வைத்தே பக்குவம் சொல்லிவிடுவோம். அதே மாதிரி ஒவ்வொரு கோப்பையாக முகர்ந்தேன். ஒன்றில் மாங்காய் வாசம், இன்னொன்றில் ஊறின புளி வாசம். முதலாளி தலையாட்டினார். பிறகு, எது அதிகம் இனிப்பு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பர்மாக்காரர் வாயில் வைத்துத் துப்பிவிட்டுச் சரியாகச் சொன்னார். பொறுப்பு அவருக்குப் போனது.

திரும்பும் வழியில் டிரைவர் கேட்டார். "ஒரு சொட்டுத்தானே அண்ணே?"

"நெருப்புல எறங்குறப்ப அந்த ஒரு சொட்டு ஞாபகத்துக்கு வரும். ஒடனே கால் நின்னுரும்."



தீ மிதித்தேன், கால் நிற்கவில்லை. ஆனால் அந்த மழைக்கும் சின்னவளுக்கு இரைப்பு வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே உங்கள் அம்மா சொன்னாள்: "அந்தச் சம்பளம் வந்திருந்தா பெரிய டாக்டருகிட்டக் காட்டிருக்கலாம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. வேண்டுதலும் சின்னவளுக்காக, அந்த வேலையும் அவளுக்காகத்தான். எதை விட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு அவளைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். அந்த வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் இல்லாதது அதனால்தான்.