விற்கப்போகும் வண்டிக்குப் புது போல்ட்டு

குழித்துறையில் இருக்கும் என் போல்ட்டுக் கடைக்கு அவர் வந்தது ஒரே ஒரு முறைதான். குளச்சலில் மீன் எடுத்து, பைக்கில் பேச்சிப்பாறை வரை கொண்டுபோய் விற்பவர். குட்டையான ஆள், தோள்கள் மட்டும் அகலம். நின்று பேசும்போதும் ஹேண்டிலைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் மடக்கியே வைத்திருந்தார்.

வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் பளபளவென்று துருப்பிடிக்காத போல்ட்டுகள். உப்புக்காற்றுக்குப் பயந்து கடற்கரை ஆட்கள் இதைத்தான் போடுவார்கள். துரு வராது. ஆனால் அந்த இடத்துக்கு அதன் வலு போதாது; பிரேக் பிடிக்கப் பிடிக்க இழுபட்டுத் தளர்ந்துவிடும்.

"நல்ல வலுவுள்ள கறுத்த போல்ட்டு தாங்கண்ணே. நாளைக்கு வண்டிய விக்கப் போறேன்."

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு?"

"எறக்கத்துல பிரேக் பிடிச்சா ஹேண்டில் கெடந்து ஆடும். எனக்க கைக்கு அது பழக்கம். வாங்குற ஆளுக்கு அறியாதுல்லா."

"அப்போ இவ்வளவு வருசமும் நீங்க ஏன் மாத்தல?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே இப்போதுதான் தெரிந்தவர்போல என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பழகிப்போச்சுல்லா" என்றார் மறுபடியும்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டுகளை மாற்றிக்கொண்டு ஆற்றுப்பக்க இறக்கம் வரை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "இது வேற வண்டிண்ணே" என்று சிரித்தார். ஹேண்டிலில் துளி ஆட்டம் இல்லை. ஆனாலும் கிளம்பும்போது, ஆடுகிற வண்டியை அடக்குகிறவர்போலவே தோள்களை இறுக்கி, கை நரம்புகள் புடைக்கப் பிடித்துக்கொண்டுதான் போனார்.