கொடியை வெட்டாத ஒரு நிமிடம்

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் கை சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள். டாக்டர் கேட்கும் முன்பே கத்தரியை நீட்டினால் கெட்டிக்காரி. கேட்ட பிறகு தேடினால் திட்டு நிச்சயம். தியேட்டரில் நின்று நின்று கால் வீங்கிய சகோதரிகளே, அப்படிப் பழகிய கையை ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது உங்களுக்குத்தான் புரியும்.

நீட்டிய கத்தரி

கே.கே. நகரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, சிசேரியனிலும் குழந்தை வெளியே வந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டக் கூடாது, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும் என்றார். நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் அதற்குள் குழந்தைக்குப் போய்ச் சேருமாம். பின்னால் ரத்தசோகை வருவது குறையுமாம். கர்ப்பப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதா, தாய்க்கு ரத்தம் போகாதா என்று கேட்டேன். அதற்குத்தான் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஊசி இருக்கிறது, அதில் வெட்டிய ஓரத்தை இடுக்கியால் பிடித்துக்கொள்வோம், ரத்தம் அதிகமானால் உடனே கொடியை வெட்டிவிடுவோம் என்று பொறுமையாகச் சொன்னார்.

முதல் நாள், தாயின் தொடைமேல் விரித்த துணியில் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை பழக்கத்தில் கத்தரியோடு நீண்டுவிட்டது. தலைமாட்டில் கடிகாரம் பார்த்து நொடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்த மயக்க டாக்டர் சொன்னார்: "கத்தரிய உள்ள வைங்க சிஸ்டர். பிள்ளைக்குச் சேர வேண்டியது இன்னும் போய்க்கிட்டிருக்கு."

சிம்மக்கல் லக்னம்

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர், மருமகளின் சிசேரியனுக்கு ஜோசியரிடம் நேரம் குறித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் இது புதிதில்லை. டாக்டர்களும் முடிந்தவரை ஒத்துப்போவார்கள். ஆனால் கொடியை வெட்டும் நேரம்தான் பிறந்த நேரம் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. அன்று தியேட்டர் தாமதமாகி, லக்னம் முடியும் தறுவாயில்தான் குழந்தை வந்தது. பொறுத்து வெட்டியதில் லக்னம் தாண்டிவிட்டது.

யார் போய்ச் சொல்வது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தோம். கடைசியில் நான்தான் போனேன், பொறுத்ததன் காரணத்தையும் சொன்னேன். ஜோசியரைக் கூப்பிடப் போனை எடுத்தவர், பாதியில் நிறுத்திச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "லக்னம் தப்புனா பரிகாரம் பண்ணிக்கிரலாம் சிஸ்டர். பிள்ளைக்கு ரத்தம் கொறைஞ்சா நான் எந்தக் கோயிலுக்குப் போறது?"

பொறுக்காத அன்று

மேலூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் இரண்டாவது பிரசவத்துக்கு வந்தார். மூத்த மகள் ரத்தசோகையில் சோர்ந்து சோர்ந்து விழுந்ததைப் பார்த்தவர். அதனால் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் இந்த ஒரு நிமிடத்தை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் தலையாட்டியிருந்தேன்.

அன்று குழந்தை வெளியே வந்ததுமே தாய்க்கு ரத்தம் குபுகுபுவென்று வந்தது. டாக்டரம்மா கை நீட்டினார். கத்தரி தயாராக இருந்தது. குழந்தை நன்றாகவே அழுதது. கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்கும்வரை துணியை எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தேன்.

முதுகில் ஊசி போட்டிருந்ததால் டீச்சர் விழித்தேதான் இருந்தார். வார்டில் அவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, நிமிடம் எண்ணிய சத்தமே கேட்கவில்லையே என்றார். பொறுத்திருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றேன். பக்கத்தில் தூங்கிய மகனின் காலைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இவனுக்குன்னு வச்சிருந்த நிமிசத்த எனக்குக் குடுத்துட்டீங்க. சரி, இவனுக்கு ரத்தம் ஊறுற டானிக் எப்பருந்து ஊத்தணும், அதச் சொல்லுங்க."

ஓடி ஓடி வேலை பார்த்தபோதெல்லாம் வேர்க்காத எனக்கு, ஏ.சி. தியேட்டரில் அந்த ஒரு நிமிடம் சும்மா நிற்கும்போதுதான் வேர்க்கிறது.