சத்தமில்லாமல் திருத்தியவை

பம்பு கம்பெனியில் எல்லோரும் அவரை ‘டிசைன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக்கு வந்த காலத்தில், தன் வரைபடத்தை நாலு பேர் முன்னால் மேலதிகாரி கிழித்துப் போட்டதை அவர் மறக்கவில்லை. தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று நினைத்தார். அதனால், அந்த வருடம் பயிற்சிக்கு வந்த பெண்ணின் பிழைகளை, அவள் வீட்டுக்குப் போன பிறகு தானே திருத்திவிடுவார். மறுநாள், “பிரமாதம்மா” என்று தட்டிக்கொடுப்பார்.

ஆறாம் மாதம் அதே கம்பெனியில் அவளுக்கு வேலைக்கான நேர்காணல் நடந்தது. அக்காவும் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இந்த மூடிக்கு எதுக்கு எட்டு மில்லிமீட்டர் கனம் வச்சீங்க?” என்று, அவளுடைய பம்பு வரைபடத்தைத் திரையில் காட்டி மேலாளர் கேட்டார்.

அவள் வரைந்தது ஐந்து. எட்டாக மாற்றியது அக்கா. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். எட்டு எதற்கென்று அவளுக்குத் தெரியாது. வேலை கிடைக்கவில்லை.

மாடிப்படியில் அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

“உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா...”

“நோகட்டும்னு விட்டிருக்கலாமேக்கா. ஆறு மாசமா எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்.”

இப்போதெல்லாம் அக்கா பிழையைக் காட்டிவிட்டு, பிள்ளைகளே திருத்தும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பலமுறை போன் செய்துவிட்டார். அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை.