விரலை மடக்குங்க

மாசி பிறந்தும் எங்கள் ஊர் கோவில்பத்தில் விடியற்காலைப் பனி விடாது. பிறகு சுள்ளென்று வெயில் ஏறும். மதியத்துக்குமேல் கடல்காற்று வந்து மண்ணை ஆற்றிவிடும். விதை போட இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் இந்த மாசியில் எனக்கு மண்ணைத் தொடவே பயமாக இருந்தது. என் மனைவி போனபின் வந்த முதல் மாசி இது.

கொல்லை அவளுடைய ராஜ்ஜியம். நான் வெறுமனே குழாய் பிடிக்கிற ஆள். சாம்பலில் புரட்டி அவள் டப்பாவில் வைத்திருந்த புடலை விதை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து, வருஷா வருஷம் ஒரு காயை முற்றவிட்டு அவள் காப்பாற்றிய விதை. எல்லாவற்றையும் ஊன்றினேன். ஒன்றே ஒன்று முளைத்தது. அதுவும் போனால் அவள் விதை அத்தோடு சரி.

கொடி பந்தலேறியது. சாயங்காலம் தண்ணீர் விடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் கிணறுதான். சிரிக்காதீர்கள், பேய் பிசாசு என்றால் எரிந்துவிழுகிற ஆள் நான்.

முதல் பிஞ்சு விட்டதும் பக்கத்து வீட்டு பாய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "காய் புடிச்சிருச்சா? எங்கங்க?"

"அந்தா" என்று விரலை நீட்டினேன். நீட்டியபிறகுதான் சுரீரென்றது. பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் வெம்பிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது அவள் சட்டம். மறந்து நீட்டினால், "விரல மடக்குங்க!" என்று கத்துவாள். "மடக்கிட்டேன்டி, போதுமா?" என்று நான் கிண்டலடிப்பேன்.

சில நாளில் பிஞ்சு மஞ்சளடித்து உதிர்ந்தது. ஈ குத்தியிருக்கும், தெரியாதா எனக்கு? ஆனாலும் என் சுட்டுவிரலைத்தான் பார்த்தேன்.

அடுத்த பிஞ்சு பங்குனிக் கடைசியில் வந்தது. பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனைக் கிணற்றுச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பந்தலடிக்குப் போய் இலையை விலக்கினேன்.

"எங்கப்பா? ஒண்ணும் தெரியலையே."

பழக்கதோஷம், கை நீண்டுவிட்டது.

"விரல மடக்குங்க!"

முதுகுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல். உடம்பெல்லாம் புல்லரித்தது. "மடக்கிட்டேன்டி, போதுமா?" என்று வாய் தானாகச் சொல்லியது. திரும்பினேன். போனுக்குள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குரல் இவளுக்கு எப்போது வந்தது?

அந்தப் பிஞ்சு உதிராமல் நின்றது. அதை முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி, அதே டப்பாவில் போட்டு மூடினேன். அன்று சாயங்காலம், காயப்போகிற கொடியில் ஒரு சூம்பிய பிஞ்சு தொங்கியது. சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. சுட்டுவிரலை அதற்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றேன்.

கை வலிக்கும்வரை நின்றேன். யாரும் திட்டவில்லை.