நானூறு கிராம் கூடுதல்

அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்த கடைக்காரர்களில் ஒருவர்கூட எடுத்த எடுப்பில் அவரை நல்ல மனிதர் என்று சொல்லவில்லை. "என் தராசை மூணு தடவை தூக்கிட்டுப் போனாரும்மா" என்றுதான் ஆரம்பித்தார்கள். சொல்லும்போதே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் மனைவிக்கும் வந்துவிடும்.

எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடைத்தெருவில் அவருக்குக் 'கிராம் சார்' என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். மணி என்ன என்று கேட்டால் நாலேகால் என்று வாயில் வராது. நாலு பதினேழு என்பார். இந்தப் புடவை எப்படி இருக்கிறது என்று கேட்டால், போன வாரம் கட்டியது இதைவிட நன்றாக இருந்தது என்பார். கல்யாணமான புதிதில் அவள் இதற்கெல்லாம் அழுதிருக்கிறாள். பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தையல் கடை. மாடியில் ஒரே அறை, இரண்டு இயந்திரங்கள், துணி வெட்ட நீளமான மேசை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் பின்பக்க மொட்டைமாடியில் டப்பா மூடிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, உடைந்த பொத்தான்களை உண்டிவில்லில் வைத்து அடிப்பாள். தலைவலிக்காகத் தொடங்கிய விளையாட்டு. போகப் போகத் தலைவலி போய்விட்டது, குறி மட்டும் கையில் தங்கிவிட்டது. அச்சகத்துப் பின்னால் ஞாயிறுதோறும் கூடுகிற உண்டிவில் சங்கத்தில் பதினொரு பேர். அவள் ஒருத்திதான் பெண். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய பழைய மரக்கவட்டையில் விரிசல் விட்டது. அண்ணன்தான் வெளிநாட்டிலிருந்து எஃகுக் கவட்டை ஒன்றை அஞ்சலில் வரவழைத்தான்.

வந்தது பொட்டலம் அல்ல, சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம். சட்டப்படி ஊருக்குள் யார் வேண்டுமானாலும் உண்டிவில் வைத்துக்கொள்ளலாம். கேட்க நாதி கிடையாது. ஆனால் கடல் தாண்டி வந்தால் மூன்று சாதி: பொம்மை, விளையாட்டுக் கருவி, ஆயுதம். முழுக்க இழுக்கும்போது இழுவிசை ஒன்பது கிலோவுக்கு மேல் போனால் அது ஆயுதம். உரிமம் இல்லாமல் இறக்கக் கூடாது. இணைத்துள்ள படிவத்தை நிரப்பிப் பத்து நாளுக்குள் நேரில் வராவிட்டால் பொருள் அழிக்கப்படும். போட்டிக்கு மீதமிருந்தது பன்னிரண்டு நாள்.

"பொம்மைன்னு ஒரு வார்த்தை எழுதுங்க மாப்பிள்ளை, உலகமே அப்படித்தான் எழுதுது" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னான். அவளும் அதையே சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. படிவத்தை அவரிடம் விட்டிருக்கவே கூடாது. ஐந்து கேள்விக்கு அவர் இரண்டு பக்கம் எழுதி, மூன்றாவதாக ஒரு தாளையும் இணைத்து அனுப்பிவிட்டார். அதில் விற்றவர்களின் விவரச் சீட்டைப் பார்த்து வரைந்த உண்டிவில்லின் படம், ரப்பரின் அகலம், தடிமன், உத்தேச இழுவிசை, குண்டின் வேகம், தகரத்தில் எவ்வளவு பள்ளம் விழும் என்பது வரை கணக்கு. கடைசி வரியில், 'இது பொம்மை அல்ல' என்று கீழே கோடு போட்டிருந்தார்.

நகலை அவள் அந்தக் கோடு வரைக்கும் படித்தாள். பிறகு, "தூக்குல போடச் சொல்லி நீங்களே மனு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார் அவர்.

இருவரும் சுங்க அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலில் பைகளைச் சோதித்த காவலர் அவள் கைப்பையிலிருந்த ஏழு அங்குலக் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்து, பத்திரமாகத் திருப்பி வைத்தார். உள்ளே ரப்பர் கட்டிய கவட்டை ஆயுதமென்று சிறைப்பட்டிருந்தது. அவளுக்கு அங்கேயே சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பொட்டலப் பிரிவில் இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத ஒரு பெண். மூன்று தாள்களையும் படித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் தனக்கு வந்ததில்லை என்றார். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வேறு படிவம் தருகிறேன், சுருக்கமாக எழுதுங்கள் என்று இறங்கி வந்தார். கிராம் சார் கை நீட்டவில்லை.

"ஆயுதம்னு முத்திரை போட்டிருக்கீங்களேம்மா, எதை வச்சு அளந்தீங்க?"

"பார்த்தாலே தெரியுதே சார்."

"பார்த்தே எடை போட்டவங்களுக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் அபராதம் போட்டவன் நான்."

பையிலிருந்து சுருள்வில் தராசை எடுத்தார். அரசு முத்திரை குத்தியது, அந்த மாதம்தான் சரிபார்த்தது. மேசை விளிம்பில் கவட்டையை இறுக்கிக் கட்டினார்கள். குண்டு வைக்கிற தோல் துண்டில் தராசின் கொக்கியை மாட்டி, அவள் கன்னம் வரை இழுக்கிற நீளத்தை நாடாவால் அளந்து, அதுவரைக்கும் நிதானமாக இழுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். ஒன்பதைத் தாண்டி நின்றது. ஒன்பது கிலோ நானூறு.

அதிகாரி அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். "நான் எட்டே முக்கால்னு எழுதிக்கிறேன் சார். நானூறு கிராம்ல என்ன வந்துடப் போகுது."

"ஒன்பது நானூறுன்னு எழுதுங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கட்டிய புருஷனே கொண்டுவந்த தராசில், கட்டிய புருஷன் வாயாலேயே தன் போட்டி போகிறது. சத்தம் போட்டிருப்பாள். ஆனால் அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், மருத்துவர் ஏதோ சொல்லிவிட்டதைப் போல முகம் வெளுத்து. இந்த மனிதருக்கும் இது வேண்டியிருக்கிறது, வேண்டியிருந்தும் முடியவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பியது.

"சட்டம் இரும்பையா சொல்லுது, ரப்பரையா?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

அதிகாரி விதிப்புத்தகத்தைத் திறந்து வாசித்தார். பொருத்தியிருக்கும் நிலையில் உள்ள இழுவிசை என்றுதான் இருந்தது. அப்படியானால் ரப்பரின் அகலத்தைக் குறைத்தால்? அது புத்தகத்தில் இல்லை. அதிகாரி உள்ளறைக்குப் போனார். கால் மணி கழித்து வந்து, உடைமைக்காரர் சாட்சி முன்னிலையில் தன் பொறுப்பில் வெட்டிக்கொள்ளலாம், கெட்டுப்போனால் அலுவலகம் பொறுப்பல்ல என்றார்.

கைப்பையிலிருந்து கத்தரிக்கோல் வெளியே வந்தது. ரப்பரில் ஒரு பிசிறு விழுந்தாலும் இழுக்கும்போது அந்த இடத்தில் அறுந்து முகத்தில் அடிக்கும். இரண்டு பட்டையும் ஒரே அளவாக இல்லாவிட்டால் குறி ஒரு பக்கமாக இழுக்கும். தையல் சாக்பீஸால் கோடு கிழித்தாள். அவரை முனையைப் பிடிக்கச் சொன்னாள். ஆயிரம் தராசுகளைப் பிடித்துப் பார்த்த விரல்களில் ரப்பர் முனை நிற்காமல் வழுக்கியது.

"ஆடாம புடிங்க. இது உங்க கடைத்தெரு இல்ல."

"ஆடலம்மா."

"ஆடுது. கிராம் கணக்குல ஆடுது."

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். நூல் கனம்தான் எடுத்தாள், ஒரே வெட்டு, நடுவில் நிறுத்தாமல். மற்ற பட்டையிலும் அப்படியே. அவர் மறுபடி கொக்கியை மாட்டி இழுத்தார். எட்டு கிலோ தொள்ளாயிரம். அவருக்கு அது போதவில்லை, இன்னும் இரண்டு தடவை இழுத்தார். மூன்று தடவையும் அதேதான். அதிகாரி ஆயுத முத்திரையைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் விளையாட்டுக் கருவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தராசு எங்கே கிடைக்கும் என்றும் கேட்டு வைத்துக்கொண்டார்.

போட்டியில் இருபத்தாறு பேர். ஐந்து தகரத்தில் நாலை அவள் விழுத்தாட்டினாள். கடைசித் தகரம் உரசிக்கொண்டு நின்றுவிட்டது. நாலாவது இடம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அண்ணன் மூன்றாவது என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் பின்னாலேயே போய் ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டிருந்தார். "உங்க பொண்டாட்டிதானே மாப்பிள்ளை, ஒரு இடம் ஏத்திச் சொன்னா என்ன?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. வெகுதூரம் வந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவர் சொன்னார்: "இன்னிக்கு வந்தவங்கள்ல உன் கைதான் அழகா நின்னுச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அவர் அதையே சொன்னார்.